அடுப்பை எப்போது அணைப்பது?



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஊரில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும், மீதிப் பேர் சூடாக ஏதாவது குடிக்கத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துத்தான் சென்ற இதழில் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: தோழிகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த, அல்லது அவர்களிடம் கேட்டு வாங்கிய சூப், ரசம், சொதி, ஸ்டூ வகைகளை எழுதி அனுப்புங்கள், வீட்டில் இருக்கிற பொருளில் செய்ய முடிகிறதாக இருக்கட்டும் என்று.

மேசை நிறைந்துவிட்டது. அஞ்சலட்டையில் வந்தவை உண்டு. பால் கணக்கு நோட்டில் கிழித்த தாளில் வந்தவை உண்டு. வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியவர்களும் உண்டு. அப்படி வந்த ஒரு குரல் பதிவில் பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. பேசுகிற அம்மா, "இருங்க, அணைச்சிட்டு வந்துடறேன்" என்று போய், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொல்கிறார். அந்த விசிலை அச்சில் போட வழியில்லையே என்பதுதான் எங்களுக்குக் குறை.

எல்லாவற்றையும் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று பட்டது. பொருள் பட்டியலில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை. மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு இவற்றைச் சுற்றித்தான் எல்லாரும் வருகிறார்கள். வித்தியாசமெல்லாம் கடைசி வரியில். சிலர் "நன்கு கொதித்ததும் இறக்கிப் பரிமாறவும்" என்று முடித்துவிடுகிறார்கள். சிலர் அந்த இடத்தில்தான் பேசவே ஆரம்பிக்கிறார்கள். எப்போது அணைக்க வேண்டும், எப்போது அணைக்கவே கூடாது, அணைத்த பிறகு என்ன சேர்க்க வேண்டும் என்று. இந்த இதழில் இடம்பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. நான் வேண்டுமென்றே அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த 'சூப்' அதுதான், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட வேண்டும். இங்கே அவசரம் கூடாது. அதன் பிறகு தட்டிய மிளகு, சீரகம், பூண்டைப் போட்டு, பருப்புத் தண்ணீர் ஊற்றி விளாவ வேண்டும். விளாவியதும் கணக்கு மாறிவிடுகிறது. இனி அது கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டும், அந்த நுரை நடுவை நோக்கி நகரும், மேலெழும்பப் பார்க்கும். அப்போதே அடுப்பை அணைத்து, கொத்தமல்லித் தழையைப் போட்டு மூடிவிட வேண்டும். மிளகிலும் சீரகத்திலும் இருக்கிற வாசனை, சூட்டில் ஆவியாகிப் போகிற எண்ணெய். கொதிக்கவிட்டால் அது வெளியே போய்விடும். கும்பகோணத்திலிருந்து எழுதிய வாசகி ஒருவர் தன் மாமியார் சொல்வதை அப்படியே எழுதியிருக்கிறார்: "வீடெல்லாம் ரசம் மணக்குதுன்னா, சொம்புல ஒண்ணும் மிச்சமில்லைன்னு அர்த்தம்." இதைவிடச் சுருக்கமாக எந்த வேதியியல் ஆசிரியரும் சொல்லிவிட முடியாது.

சொம்பு என்றதும் இன்னொரு கடிதம். புனேயில் இருக்கும் தோழிக்கு ஈயச்சொம்பு ஒன்றைப் பரிசாக அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகி. கூடவே ரசத்துக்கான குறிப்பும். தோழி, குக்கரைச் சூடாக்குகிற வழக்கத்தில் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு, புளி கரைக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது சொம்பின் அடிப்பாகம் பர்னர் மேல் உருகி ஓடியிருந்தது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் உலோகம். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் கொதிநிலையை ஒட்டியே நிற்பதால் ஆபத்தில்லை. வெறும் பாத்திரத்துக்கு அந்தக் காவல் இல்லை. பாட்டிகளுக்கு எண் தெரியாது, ஆனால் "தண்ணி விட்டுட்டு அடுப்புல வை" என்பதைச் சொல்லாமல் சொம்பைக் கைமாற்ற மாட்டார்கள். (வாங்கும்போது அது வெள்ளீயம்தானா, காரீயம் கலக்காததா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் உடம்புக்கு நஞ்சு.)

எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது எஸ். மீனாட்சி அம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-ல் வந்தது. அது எங்கள் தலைமுறைக் கல்யாணப் பெண்களின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே இருந்த புத்தகம். கல்யாணமாகி வேறு வேறு ஊருக்குப் போன உறவுக்காரப் பெண்கள், இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பார்கள். அவரும் பொறுமையாகப் பதில் எழுதுவார். அந்தப் பதில்களையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று தூண்டியவர் அவருடைய உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். கிலோவும் லிட்டரும் நம் கடைகளுக்கு வந்துசேராத காலம் அது. படியும் ஆழாக்கும்தான் அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி. தமிழில் பெரும்பேர் வாங்கிய ஒரு சமையல் நூல், தெரிந்தவர்களுக்கு எழுதிய பதில்களிலிருந்து முளைத்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. எதிரே ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு எழுதும்போது, அவள் எந்த இடத்தில் தடுமாறுவாள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அளவு என்றதும் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு வாக்குவாதம் ஞாபகம் வருகிறது. "சுண்டைக்காயளவு பெருங்காயம்" என்று பல கடிதங்களில் வந்திருந்தது. எங்கள் இளம் உதவி ஆசிரியர் சுண்டைக்காயை வற்றலாகத்தான் பார்த்திருக்கிறாராம். "வற்றல் அளவா, பச்சைக்காய் அளவா?" என்று அவர் கேட்டதும் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. பச்சைக்காய் அளவுதான் என்று முடிவானது. அது கட்டிப் பெருங்காயத்துக்கு. தூள் என்றால் கால் தேக்கரண்டி போதும். நெல்லிக்காயளவு புளி, ஒரு கை கீரை, இரண்டு ஆர்க்கு கறிவேப்பிலை எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறோம். பக்கத்தில் தேக்கரண்டிக் கணக்கும் கொடுத்திருக்கிறோம். பழைய புளி கறுத்துப் புளிப்பு ஏறியிருக்கும், புதுப்புளி அப்படியில்லை. அதனால் கிராம் கணக்கை மட்டும் நம்பிப் போனாலும் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கடிதத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை வாசகி எழுதிய சொதி. திருநெல்வேலிப் பக்கம் சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில், மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு. முதல்நாள் சாம்பாரும் வடையும் பாயசமும் என்று வயிறு கனத்துக் கிடக்கும். அதன் மேல் இளகலாக, காரம் குறைவாக, தேங்காய்ப்பாலில் மிதக்கும் காய்கறி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பால் கொஞ்சம் மந்தம், அதற்கு இஞ்சி ஈடுகட்டும் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு.

நாலு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். துருவி, மூன்று முறை பால் எடுத்துத் தனித்தனியாக வைக்க வேண்டும். முதல் பால் ஒரு தம்ளர் கெட்டியாக. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், ஒரு கை பச்சைப் பட்டாணி, பத்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு. கால் கப் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பச்சை மிளகாயையும் இரண்டு அங்குல இஞ்சியையும் அரைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் எண்ணெயில் வதக்கி, காய்களைப் போட்டு, மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும். வெந்ததும் அரைத்த விழுதும் உப்பும் சேர்த்து, இரண்டாம் பாலும் பருப்பும் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். இதுவரைக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டேகூடச் செய்யலாம்.

முதல் பாலை ஊற்றியதும் தொலைபேசியை வைத்துவிடுங்கள். தீயைச் சிறிதாக்கி, கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே, ஓரங்களில் மெல்லிய அசைவு தெரிகிறவரைதான். ஒரு கொதி வந்துவிட்டால் பால் திரிந்து எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைப் புரதம்தான் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்துவைத்திருக்கிறது. கொதிக்கும் சூட்டில் புரதம் கட்டிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். எலுமிச்சைச் சாற்றையும் அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது. அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பிறகுதான். பாளையங்கோட்டை அம்மா இதை எழுதுகிற அழகைப் பாருங்கள்: "எலுமிச்சம்பழத்தை அடுப்புக்குப் பக்கத்துல வச்சிக்காத தாயி. கைக்கெட்டுற தூரத்துல இருந்தா பிழியத்தான் தோணும். வேற ரூம்ல வையி." கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்டலாம் என்று பக்க வடிவமைப்பாளர் கேட்டார். விடவில்லை.

யாழ்ப்பாணத்துச் சொதி வேறு. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய்ப் புளி. இடியப்பத்தின் மேல் ஊற்றினால் ஊடுருவிப் போகிற அளவு தண்ணீராக இருக்கும். காலை நேரத்துக்கு இதைவிட விரைவான ஒன்று எனக்குத் தெரியாது. பால் திரியாமல் இருக்க அங்கேயும் அதே எச்சரிக்கைதான்.

ஆனால் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்த கடிதம் சொதியைப் பற்றியதல்ல, ஒடியல் கூழைப் பற்றியது. பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவுதான் கூழுக்கு ஆதாரம். இதை ஒற்றை ஆளுக்குக் காய்ச்ச முடியாது, காய்ச்சினாலும் ருசிக்காது. நண்டு, றால், மீன், கணவாய் எல்லாம் சேர வேண்டும். பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை சேர வேண்டும். அங்கே அவர்கள் தோழிகளுக்குள் பிரித்துக்கொள்கிறார்களாம். ஒருத்தி நண்டு, ஒருத்தி றால், ஒருத்தி மரவள்ளி, தமிழ்க் கடையில் ஒடியல் மாப் பொட்டலம் வாங்குவது இன்னொருத்தி. வீட்டுக்காரியின் பொறுப்பு பெரிய சட்டியும் புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் மட்டும். ஊரில் பனையோலையைக் கோலி பிளா செய்து குடிப்பார்கள். அங்கே பனிக்காலத்தில் ஓலைக்கு எங்கே போவது, சூப் கிண்ணம்தான். அவர் எழுதுகிறார்: "மாவைத் தண்ணியில ஊறப் போட்டு, மேல நிக்கிற தண்ணிய வடிச்சு ஊத்திப்போட வேணும், அப்பதான் கயர்ப்புப் போகும். எல்லாம் அவிஞ்சாப் பிறகு கடைசியா மாவைக் கரைச்சு விட்டு, கைவிடாமத் துழாவ வேணும். இல்லாட்டிக் கட்டிபட்டுப் போகும். அகப்பையில ஒட்டி வழியிற பதத்தில இறக்குங்கோ, ஆற ஆற இன்னும் தடிக்கும்." இந்த "ஆற ஆற இன்னும் தடிக்கும்" என்பதைத்தான் நான் தேடுகிறேன். சட்டியில் சரியாக இருக்கும் கூழ் கிண்ணத்தில் களியாகிவிடும் என்று தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய வரி.

எல்லாமே சீக்கிரம் அணைக்கிற கதையா என்றால், இல்லை. ஆட்டுக்கால் சூப்புக்கு நேர்மாறான விதி. வாட்டிச் சுத்தம் செய்த கால்களைத் தட்டிப் போட்டு, மிளகு, சீரகம், மல்லி, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றினால் வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் பொறுமைதான். எலும்பை ஒட்டியிருக்கும் தசைநாரும் தோலும் நெடுநேரச் சூட்டில்தான் கரைந்து கொழகொழப்பாகும். திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காகும். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போவதால் முக்கால் மணி நேரத்தில் முடியும். முடிந்ததா என்று பார்க்கச் சுலப வழி: ஒரு கரண்டியை எடுத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தயிர் பதத்தில் உறைந்தால் சூப் தயார், தண்ணீராகவே இருந்தால் இன்னும் வேகட்டும். நம் ஊர்களில் சாயங்காலம் தள்ளுவண்டியில் சூப் விற்பவர்கள் மதியமே அடுப்பு மூட்டிவிடுவது இதற்காகத்தான். சைவர்களுக்கும் ஒரு ஆட்டுக்கால் உண்டு. கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால், உண்மையில் பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. மேலே பழுப்பு ரோமம் மூடியிருக்கும், அதைச் சுரண்டிவிட்டு நசுக்கி, மிளகு பூண்டோடு வேகவைப்பார்கள். நாமக்கல் வாசகர் ஒருவரின் குறிப்பு 34-ஆம் பக்கத்தில்.

தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு முருங்கைக்கீரை சூப். இரண்டு கை கீரை, ஆறு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு. தண்ணீருக்குப் பதில் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மூன்று தம்ளர். எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் ஏழெட்டு நிமிடம். மூடினால் பச்சை நிறம் பழுத்த இலை நிறத்துக்குப் போய்விடும். கீரையின் புளிப்பு ஆவியோடு வெளியேற வழி வேண்டும். வடிகட்டிக் குடிக்கலாம், கீரையோடும் சாப்பிடலாம். கார்ன்ஃப்ளோர் வேண்டாம். அது இல்லாமல் சூப்பே இல்லை என்று கல்யாண வரவேற்புகள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. களைந்த தண்ணீரில் வரும் மெலிதான கெட்டி எனக்குப் போதும். கட்டாயம் வேண்டுமென்பவர்கள் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கொதிக்கிற சூப்பில் மாவை அப்படியே தூவினால் வெளியே வெந்து உள்ளே மாவாகவே இருக்கும் உருண்டைகள்தான் கிடைக்கும்.

காயல்பட்டினத்திலிருந்து நோன்புக் கஞ்சி வந்திருக்கிறது. பள்ளிவாசலில் அண்டாவில் காய்ச்சி, தூக்கு வாளியோடு வந்து நிற்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊற்றுகிற கஞ்சியை வீட்டுக் குக்கர் அளவுக்குச் சுருக்கி எழுதியிருக்கிறார் ஒரு சகோதரி. அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். "வெந்தயத்தைக் குறைக்காதீங்க, கசக்கும்னு பயப்படாதீங்க" என்று இரண்டு முறை எழுதி இரண்டாவதை அடிக்கோடிட்டிருக்கிறார்.

கடைசி வரி இல்லாமல் பயணம் போன ஒரு குறிப்பும் நம்மிடம் உண்டு. மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகு தண்ணியை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1845-ல் லண்டனில் வெளியான எலைசா ஆக்டனின் சமையல் நூலிலேயே அது 'முல்லகட்டானி' ஆகிவிட்டது. உள்ளே இறைச்சி, கறிப்பொடி, பக்கத்தில் சோறு. நல்ல சூப்தான், நான் குடித்திருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நுரை கட்டும்போது அணைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

வந்த கடிதங்களில் நாங்கள் கத்தரி வைத்தது ஒரே விஷயத்துக்குத்தான். "சர்க்கரையை விரட்டும்", "மூட்டுவலி பறந்துபோகும்", "புற்றுநோய் அண்டாது" என்பன போன்ற வரிகள். எழுதியவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிற ஒருவர் இருந்தாலும் அந்தப் பழி எனக்கு வேண்டாம். சூப் சூடாக இருக்கிறது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது, சாப்பிடப் பிடிக்காதவர்களுக்கும் உள்ளே இறங்குகிறது. இவ்வளவே ஒரு சூப்புக்குப் போதுமான பெருமை.

இதழில் உள்ளவற்றைச் செய்து பார்த்து, உங்கள் அடுப்பில் எங்கே வேறுபட்டது என்று எழுதுங்கள். இண்டக்ஷன் அடுப்பில் ரசம் வைப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள். அணைத்த பிறகும் சூடு நிற்கும் மின்தட்டுக்கும், அணைத்ததும் சூடு நின்றுவிடும் இண்டக்ஷனுக்கும் நுரைக் கணக்கு ஒன்றாக இருக்காது என்று இங்கே ஒரு கட்சி, இருக்கும் என்று ஒரு கட்சி.

மாசி இதழ் ஊறுகாய்க்கு. குறிப்புகளைத் தை முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். உப்பு எத்தனை கரண்டி என்று எழுதும்போது கல்லுப்பா தூளுப்பா என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். ஒரு கரண்டித் தூளுப்பு, ஒரு கரண்டிக் கல்லுப்பைவிட எடையில் அதிகம்.

அன்புடன்,
ஆசிரியர்